செண்பகவல்லி அக்காவுக்கு அவசரமில்லை

மிளகாய் வத்தல் மொத்த வியாபாரிக்கு ஒரு வசதி உண்டு. கடையில் உட்கார்ந்து அழுதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை காலை, மலையாள நாட்டுத் தலைநகரின் ஆரியசாலைக் கடைத்தெருவில், என் கடைக்கு லோடு இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்கள் தெருத் தமிழர்களின் வாட்ஸப் குழுவைத் திறந்தேன். வழக்கம்போல ரோஜாப்பூவும் காபிக் கோப்பையும் காலை வணக்கமும் வரிசையாக வந்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு வரி: "செண்பகவல்லி அக்கா போயாச்சு."

அந்த வரிக்குக் கீழே ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அது முந்தைய ரோஜாப்பூவுக்கு என்று பிற்பாடு விளக்கம் சொன்னார். நான் நம்பவில்லை. அந்த மனிதருக்கு அக்காவைப் பிடிக்காது. பிடிக்காதவர்கள் ஒரு ஊர் அளவுக்கு இருந்தார்கள். அவர்களையெல்லாம் இந்தக் கட்டுரையில் அங்கங்கே சந்திக்கலாம். பெயர் சொல்லமாட்டேன், பாதிப் பேர் என்னிடம்தான் வத்தல் வாங்குகிறார்கள்.

இந்தப் பத்திரிகையில் நான் வழக்கமாக எழுதுவது நகைச்சுவைக் கட்டுரை என்று ஆசிரியர் சொல்லிக்கொள்கிறார். என் மனைவி இன்றுவரை அதை ஒப்புக்கொண்டதில்லை. இந்த முறை அஞ்சலி எழுத வேண்டும் என்றதும் எனக்குக் கை ஓடவில்லை. ஆனால் அக்காவே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "தம்பி, என்னைப் பத்தி நீதான் எழுதுவே, எனக்குத் தெரியும். ஈடு செய்ய முடியாத இழப்புன்னு எழுதினே, எழும்பி வந்திருவேன் கேட்டியா" என்றார். எழும்பி வரட்டும் என்று அப்படியே எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வந்தால் முதலில் எனக்குத்தான் விழும். ஆகவே வேறு விதமாக எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: அட்வகேட் செண்பகவல்லி, எங்கள் கடைக்குப் பின்சந்தில் புளி மண்டி வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்து மகள். வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்து, பிறகு அரசியலுக்கு வந்து, ஒரே ஒரு தடவை மாநிலங்களவை உறுப்பினராக டெல்லி போனவர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். டெல்லியில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த கட்சி, அது போதும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று எங்கள் தெரு அந்தக் காலத்தில் ஏழெட்டுக் கதைகள் வைத்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவற்றில் தனக்கு மிகவும் பிடித்தது எது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதை எழுதக் கூடாது என்றும் சொன்னார்.

எனக்கு அவர் நெருக்கமானது ஒரு தும்மலால். அப்பா காலமாகி நான் கடைக்கு முதலாளியான புதிதில், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வத்தல் மூட்டை அடுக்கும் எங்கள் கிட்டங்கிக்குப் பின்னால் வீடு வாங்கிக் குடிவந்தார். வந்த கொஞ்ச நாளில் என் வத்தலால் தனக்கு ஓயாத தும்மல் என்று வழக்குப் போட்டார். அக்கா எனக்காக ஆஜரானார். குறுக்கு விசாரணையில் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: வீடு வாங்கும் முன் வந்து பார்த்தபோது உங்கள் மூக்கும் கூட வந்ததா?

தாசில்தார் கோபப்பட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. அதே கேள்வியை அதே தொனியில் மறுபடி கேட்டார். தாசில்தார் தன் உத்தியோகப் பெருமையைச் சொன்னார். மறுபடி மூக்கு. சுகாதாரச் சட்டத்தைச் சொன்னார். மறுபடி மூக்கு. கடைசியில் பாவம், மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு "வந்தது" என்றார். வழக்கு முடிந்தது.

நான் லட்டு வாங்கிக்கொண்டு போனேன். அக்கா லட்டை எடுத்துக்கொண்டு, "தம்பி, கேஸ் நாம ஜெயிச்சாச்சு. ஆனா அந்த மனுஷனுக்குத் தும்மல் உள்ளது உண்மையாக்கும். பின்பக்க ஜன்னலை அடச்சிரு" என்றார். அடைத்தேன். அதற்கு அப்புறம் அந்தத் தாசில்தாரே தன் சொத்து வழக்குக்கு அக்காவைத்தான் வைத்துக்கொண்டார்.

இந்த மூக்குக் கதையை நான் சும்மா சொல்லவில்லை. பிற்காலத்தில் டெல்லியையே திகைக்க வைத்தது இந்த ஒரே வித்தைதான். கேள்வி ஒன்று, பதில் வரும்வரை அதே கேள்வி.

டெல்லிக்குப் போனது ஒரு தவறினால். அதை இங்கே மலையாள மண்ணில் பிறந்து வளர்ந்த தமிழர்களால் மட்டுமே செய்ய முடியும். நமக்கு மலையாளம் நன்றாக வரும். பள்ளிக்கூடம், கோர்ட், ரேஷன் கடை எல்லாம் அதில்தான். ஆனால் படபடப்பு வந்தால் வீட்டுத் தமிழ் வாய்க்குள் நுழைந்துவிடும். அக்கா கட்சியில் பல வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர். மாநிலங்களவைக்கு ஒரு இடம் வந்தது. இரண்டு பெரிய தலைகள் அதற்கு முட்டிக்கொண்டன. கட்சிக் கூட்டத்தில் மாநிலத் தலைவர், அவரை எல்லோரும் பிரசிடெண்ட் சார் என்றுதான் சொல்வோம், நெய்யில் தோய்த்த குரலில் ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டு வந்தார். அக்காவின் முறை வந்தது. மற்றவர்கள் பேசட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்று சொல்ல நினைத்து அக்கா மலையாளத்தில், "எனிக்கு அவசரமில்லா" என்றார்.

தமிழில் அவசரம் என்றால் வேகம், பரபரப்பு. மலையாளத்தில் அதே சொல், அதே ஒலி, ஆனால் அவசரம் என்றால் வாய்ப்பு. எங்கள் அக்கா 'எனக்குப் பரபரப்பில்லை' என்றார். கூட்டம் கேட்டது 'எனக்கு வாய்ப்பே இல்லை' என்று.

இத்தனை வருஷம் டீ கொடுத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்று தலைவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார் என்று மகளிர் அணியினர் கைதட்டத் தொடங்கினார்கள். கைதட்டல் நிற்கவில்லை. மறுநாள் பத்திரிகைகளில் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட குரல்' என்று வந்தது. இரண்டு பெரிய தலைகளும் ஒருவருக்கு மற்றவர் கிடைப்பதைவிட இந்த அம்மாவே தேவலை என்று முடிவு செய்தார்கள். அக்கா பெட்டியைக் கட்டும்போது என்னிடம் சொன்னார்: "நான் மெதுவா வாறேன்னுதான் தம்பி சொன்னேன். பிடிச்சு ரயில்ல ஏத்திட்டாங்க."

டெல்லியில் முதல் கொஞ்ச காலம் ரயில் நிறுத்தம், மீனவர் படகு என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாதுகாப்புத் துறைக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தங்கபாய்.

தங்கபாய் பாறசாலைப் பக்கம் எல்லையோரத்துக் கிராமத்தில் மரச்சீனிக் கிழங்கும் வாழையும் பயிரிடுகிற குடும்பம். மகன் ஜெபின் பட்டாளத்தில் லாரி டிரைவர். வடக்கே மலைப்பாதையில் லாரி பள்ளத்தில் விழுந்து போய்விட்டான். கொடி போர்த்திய பெட்டி வந்தது, அதிகாரி வந்தார், வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி வெடித்தது, வீரமரணம் என்றார்கள். எல்லாம் முடிந்தபின் தங்கபாய் அந்த அதிகாரியிடம் ஒன்று கேட்டார். இறப்பதற்கு முந்தின போனில் மகன் அவரிடம், "அம்மா, வண்டிக்கு பிரேக் சரியா பிடிக்கல்ல. சொல்லியிருக்கேன், பாப்பாங்க" என்று சொல்லியிருந்தான். ஆகவே தங்கபாய் கேட்டது: பிரேக் இருந்ததா?

அதிகாரி நல்ல மனிதர். கண் கலங்கினார். பதில் சொல்லவில்லை. எழுதிக் கேட்டால் பதில் வரும் என்றார்கள். எழுதினார். வரவில்லை. பஸ் பிடித்து ஆரியசாலைக்கு வந்து, புளி மண்டி எங்கே என்று என் கடையில்தான் வழி கேட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தங்கபாய் அழவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து சொன்னார்:

"என் பிள்ளை வீரனில்லேன்னு நான் சொல்லல்ல அக்கா. பிரேக் இருந்துதான்னு கேக்கேன். அவ்வளவாக்கும்."

அக்கா அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்ததை நான் பார்த்தேன். மூக்குக் கேள்வி பிறந்த முகம் அது.

அந்த வருஷம் அரசாங்கம் ஆயுதங்கள் வாங்கியது, விமானங்கள் வாங்கியது. குடியரசு தினத்தில் அவை வானத்தில் கோலம் போட்டன. நானும் டிவியில் பார்த்துக் கைதட்டினேன். என் மனைவி எனக்குக் கைதட்டக்கூட ஒழுங்காக வராது என்றாள். டெண்டர் இல்லாமல், கேள்வி இல்லாமல், அவசரத் தேவை என்ற பெயரில் பெரும்பாலான கொள்முதல் நடந்தது. அக்கா அதன் மேல் பேச எழுந்தார். மலையாளத்தில் பேசுவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பார். கடையில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள், கணக்கர், நான், தும்மல் தாசில்தார் எல்லோரும் டிவி முன்னால்.

அக்கா நன்றாகத்தான் தொடங்கினார். பரேடுக்குப் போகிற வண்டி புதிது, பனிக்குப் போகிற வண்டி பழையது, ஏன் என்று கேட்டார். ஜெபின் பெயரைச் சொன்னார். அப்புறம் அந்தக் கொள்முதலைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தது. அவசரம் என்பதற்கு மலையாளத்தில் 'அடியந்திர' என்று சொல்ல வேண்டும். அக்கா அதைச் சொல்லாமல் 'அவசரக் கொள்முதல்' என்றார். மொழிபெயர்ப்பாளர், அவர் என்ன செய்வார், மலையாளி, காதில் விழுந்ததை நேர்மையாக மொழிபெயர்த்தார்: அரசு தேவைக்காக வாங்கவில்லை, வாய்ப்புக்காக வாங்குகிறது.

ஆளும் வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. யாருக்கு வாய்ப்பு, என்ன வாய்ப்பு, கமிஷன் என்கிறாரா, ராணுவத்தை அவமதிக்கிறாரா என்று ஒரே கூச்சல். அக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. காதில் மாட்டும் கருவியை எடுத்து மாட்டி, பக்கத்து உறுப்பினரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவைத்தலைவர், அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள் என்றார். எங்கள் கடையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மொழிப் பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. உண்மையும் அதுதானே.

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்: நான் சொன்னது ஒன்று, மொழிபெயர்ப்பாளர் சொன்னது வேறு. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஆகவே திரும்பப் பெறவில்லை. இனி அமைச்சர் சொல்லட்டும், அந்த லாரிக்கு பிரேக் இருந்ததா?

எங்கள் கடையில் விசில் அடித்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தாசில்தாராக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

அமைச்சர் பதில் தந்தார். தேசப் பாதுகாப்பின் நலன் கருதி விவரங்களை வெளியிட இயலாது என்றார். அதாவது பிரேக் இருந்ததா என்பது ராணுவ ரகசியம். நியாயம்தான். நம் லாரி நிற்காது என்று தெரிந்தால் எதிரி எச்சரிக்கையாகிவிடுவான் அல்லவா?

ஏன் 'அடியந்திர' என்று சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். அக்கா சொன்னார்: "அடியந்திரம்னா நம்ம வீட்டுல என்ன தம்பி? செத்தவங்களுக்குப் பதினாறாம் நாள் போடுற சாப்பாடு. அந்தப் பையன் பேரைச் சொல்லிட்டு, அவனுக்க அம்மா டிவியில பாத்திட்டு இருக்கும்போ அந்த வார்த்தை எனக்கு வாயில வரல்ல."

அதற்கப்புறம் ஆரியசாலைக்குப் பொழுதுபோக்கில் குறைவிருக்கவில்லை. டிவிக்காரர்கள் சந்தில் வண்டியை நிறுத்திவிட்டு, புளி மூட்டைக்கு வழிவிட மறுத்தார்கள். தேசத்துரோகி என்று சுவரில் எழுதினார்கள், எழுத்துப்பிழையோடு. அக்கா மாடியிலிருந்து பார்த்து, பிழையைத் திருத்திவிட்டுப் போகச் சொன்னார். அவரோடு பழகிய பாவத்துக்கு என் கடை மீதும் ஒரு செருப்பு வந்து விழுந்தது. நல்ல தோல் செருப்பு, என் அளவு. ஜோடி வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன், வரவில்லை. எதிரி நாட்டுக்குப் போ என்று அவர் வீட்டு வாசலில் கத்தியவர்களிடம் அக்கா, போகிறேன், ஆனால் போகிற வண்டிக்கு பிரேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்றார்.

இன்னொரு பக்கமும் உண்டு. பட்டாள முகாம் இருக்கும் பாங்கோட்டில் குடியிருக்கும் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் என் வாடிக்கைக்காரர். மீசையும் மெடலும் உள்ளவர். ஒரு நாள் வந்து, தேவைக்கு மேல் நிறைய வத்தல் வாங்கினார். போகும்போது குனிந்து என் காதில், "உங்க அக்காகிட்ட சொல்லுங்க. கேள்வி சரியாக்கும். நாங்க கேக்க முடியாது" என்றார். சொன்னேன். அக்காவின் கண் நனைந்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் வீட்டில் வத்தல் கிடையாது, ஆகவே காரணம் வேறு.

கட்சிக்குப் பயம் வந்தது. தேர்தல் பக்கத்தில் இருந்தது. பிரசிடெண்ட் சார் நேரில் வந்தார். அக்கா வீட்டு முறுக்கு அவருக்குப் பிடிக்கும். தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்கினார். நானும் இருந்தேன். அடுத்த தவணை அக்காவுக்குத்தான் என்று மேலிடம் நினைக்கிறது, ஒரே ஒரு கேதப் பிரகடனம் செய்துவிட்டால் போதும் என்றார். கேதம் என்றால் மலையாளத்தில் வருத்தம். அரசியல்வாதிகள் மன்னிப்புக் கேட்காமல் மன்னிப்புக் கேட்பதற்கு வைத்திருக்கும் சொல். மன்னிப்பு வேண்டாம் சேச்சி, கேதம் மட்டும் போதும் என்றார் மறுபடியும், முறுக்கைக் கடித்துக்கொண்டு.

அக்கா அவருக்கு மலையாளத்தில் பதில் சொல்லவில்லை. அவருக்குப் புரியும் என்று தெரிந்தே தமிழில் சொன்னார்.

"எங்க ஆளுகளுக்குக் கேதம்னா சாவு வீடு சார். கேதம் கேக்கதுக்கு சாவு வீட்டுக்குத்தான் போகணும். பாறசாலையில தங்கபாய்க்க வீட்டுக்கு நான் போயாச்சு. நீங்க இன்னும் போகல்ல."

முறுக்குக் கடிபடும் சத்தம் நின்றது. பிரசிடெண்ட் சார் என்னைப் பார்த்தார். நான் ஏதோ வேலை இருப்பதுபோல் ஜன்னல் கம்பியை எண்ணினேன்.

"நான் பட்டாளத்துக்கு எதிரா ஒண்ணும் கேக்கல்ல. பட்டாளத்துக்கு வேண்டியாக்கும் கேக்கேன். அது தெரியாத கட்சியில எனக்கு சீட்டு எதுக்கு?"

சீட்டு கிடைக்கவில்லை. மேலே சொன்ன இரண்டு பெரிய தலைகளில் ஒன்று டெல்லி போயிற்று. ஆறு வருஷமும் அவர் அவையில் வாயைத் திறந்தது கொட்டாவிக்கு மட்டும்தான் என்று கேள்வி. அதற்கும் மொழிபெயர்ப்பு உண்டா என்று தெரியவில்லை.

பதவி போனால் கேள்வியும் போய்விடும் என்று நினைத்தவர்களுக்கு அக்காவைத் தெரியாது. அவையில் கேட்டதை வெளியே கேட்கத் தொடங்கினார். வாசகசாலை ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். புத்தகத்தைப் பற்றி அழகாகப் பேசிவிட்டு, உட்காரும் முன், "ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அந்த வண்டிக்கு பிரேக் இருந்ததா?" என்றார். பள்ளி விளையாட்டு விழாவில் கேட்டார். கண் சிகிச்சை முகாமில் கேட்டார். ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாணத்தில், மைக் கையில் கிடைத்த பாவத்துக்கு, மணமக்களை வாழ்த்திவிட்டுக் கேட்டார். மாப்பிள்ளை ஆட்டோமொபைல் என்ஜினியர், பதறிப்போனான். கொஞ்ச காலம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பிறகு அந்தக் கேள்விக்காகவே கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் எழுந்தாலே கூட்டம் சேர்ந்து கேட்டது. கிழக்கேகோட்டை ஆட்டோக்காரர்கள் சிலர் வண்டியின் பின்னால் 'இந்த வண்டிக்கு பிரேக் உண்டு' என்று எழுதிக்கொண்டார்கள். முதலில் கேலியாகத்தான் தொடங்கியது. ஒரு தேர்தல் வந்தபோது எழுத்து பெரிதாகி, போலீஸ்காரர்கள் அதை அழிக்கச் சொன்னதாகக் கேள்விப்பட்டபோது, அது கேலி இல்லை என்று எனக்குப் புரிந்தது.

எனக்கும் ஒரு தடவை சலித்துப்போய், அக்கா, பதில் வராது, தெரிந்த விஷயம்தானே என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "பதில் அவங்களுக்குத் தெரியும் தம்பி. நாம கேக்கல்லேன்னா அவங்க அதை மறந்திருவாங்க. மறக்க விடப்பிடாது, மனசிலாச்சா?" என்றார். "உனக்கு வேற வேலை இருந்தா போ. எனக்கு அவசரமில்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எங்களிடம் சொல்லும்போதெல்லாம் தமிழா மலையாளமா என்று கேட்டுச் சிரிப்போம். ரெண்டும்தான் என்பார்.

நோய் வந்தது. அதைப் பற்றி அதிகம் பேச அவருக்குப் பிடிக்காது, நானும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அந்தப் பகலில், ஈடு செய்ய முடியாத இழப்பைத் தடை செய்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "என்னை எழுதாண்டாம். கேள்வியை எழுது." ஆகவே எழுதியிருக்கிறேன். ஆசிரியர் வெட்டினால் அடுத்த மாதம் மறுபடி எழுதுவேன். அதற்கு அடுத்த மாதமும்.

உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு நகர மண்டபம் ஒன்றில் வைத்திருந்தார்கள். பிரசிடெண்ட் சார்தான் முதலில் வந்து தலைமாட்டில் இடம் பிடித்திருந்தார். கேமரா எந்தப் பக்கம் வைத்தாலும் படத்தில் வருகிற இடம். தைரியத்தின் மறுபெயர் என்று பேசினார். தமிழர்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுபேதார் வந்திருந்தார். மெடல்களைக் குத்திக்கொண்டு, எல்லோரும் பார்க்க, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். காதில் மட்டும் சொல்லத் தெரிந்த மனிதர். தாசில்தார் சக்கர நாற்காலியில் வந்து தும்மினார்.

தங்கபாய் ஒரு ஓரமாக நின்றிருந்தார். கறுப்புப் பொட்டுப் போட்ட வெள்ளைச் சேலை, கையில் வேதப்புத்தகம். அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிரசிடெண்ட் சாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமில்லை, அவர் கேதம் கேட்கப் போகவில்லையே.

மின்மயானத்தில் நேரம் குறித்திருந்தார்கள். கூட்டம் முடிகிற பாடாக இல்லை. கட்சிக்கார இளைஞர் ஒருவர் மைக்கை எடுத்து, தாமதமாகிறது, தயவுசெய்து ஒதுங்குங்கள், பார்வைக்கு இனி வாய்ப்பு இல்லை என்று மலையாளத்தில் அறிவித்தார். அவர் சொன்ன வார்த்தைகள் மண்டபம் முழுக்க எதிரொலித்தன: "இனி அவசரமில்லா. இனி அவசரமில்லா."

மலையாளிகள் ஒதுங்கினார்கள். தமிழர்கள் நாங்கள் நின்றோம். எனக்குப் பக்கத்தில் யாருக்கோ சிரிப்புப் பீறிட்டது. எனக்கும்தான். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். அதற்குள் கண்ணிலிருந்து வழிந்துவிட்டது. இந்தத் தடவை வத்தலைச் சாக்குச் சொல்ல முடியாது.

தங்கபாய் சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார். "ஆமா. நமக்கும் அவசரமில்ல" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, வழிவிட்ட கூட்டத்துக்கு நடுவே நடந்து வெளியே போனார்.

வாசலில் வண்டி நின்றிருந்தது. வெள்ளை ஆம்புலன்ஸ். அக்காவைத் தூக்கி ஏற்றினார்கள். பிரசிடெண்ட் சார் கைகூப்பிக்கொண்டு கதவருகே நின்றார். தங்கபாய் அவரைத் தாண்டி, முன்பக்கம் போய், டிரைவரின் ஜன்னலைத் தட்டினார். முப்பது வயதிருக்கும் அந்த டிரைவருக்கு. ஜெபின் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். கண்ணாடியை இறக்கினார்.

"மக்கா, வண்டிக்கு பிரேக் உண்டா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கேள்வி அத்தனை பேருக்கும் தெரியும். கேட்கிறவர் யார் என்பது அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் தெரியத் தொடங்கியது. பிரசிடெண்ட் சாரின் கூப்பிய கை கொஞ்சம் தாழ்ந்தது. டிரைவர் அந்தம்மாவை ஒரு கணம் பார்த்தார். கிண்டல் இல்லை என்று புரிந்துகொண்டார். பின்னால் பார்க்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, காலால் அழுத்தினார். வண்டியின் பின்பக்கத்தில், அக்காவின் கால்மாட்டில், இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன.

"உண்டு அம்மச்சி. காலையில நானே பரிசோதிச்சதாக்கும்."

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு ஒருவர் நேராகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அமைச்சரல்ல, தளபதியல்ல, சவவண்டி டிரைவர். பதில் சொன்னதால் நாட்டின் பாதுகாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொண்டேன்.

தங்கபாய் தன் உள்ளங்கையை அந்தக் கதவில் ஒரு தடவை வைத்து எடுத்தார். வண்டி நகர்ந்தது. நாங்கள் எல்லோரும் பின்னால் நடந்தோம். கிழக்கேகோட்டை ஆட்டோக்காரர்கள் ஓரமாக நிறுத்தி, தங்கள் வண்டிகளின் பிரேக்கை மிதித்தபடி நின்றார்கள். சாலை நெடுகச் சிவப்பு விளக்குகள்.

அக்கா, உங்கள் கேள்வி இப்போது எங்களிடம் இருக்கிறது. பதில் வரும்வரை கேட்போம். அதற்குள் எங்களையும் ஒருவர் பின் ஒருவராக வண்டியில் ஏற்றினால், ஏற்றுகிறவர்கள் கேட்பார்கள். நீங்கள் மெதுவாகப் போங்கள்.

எங்களுக்கு அவசரமில்லை.